சாமத்தியவீட்டுப் படமும் டிரம்ஸ் கம்பளமும்

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் மண்டபத்தில் இப்போது மேடைப் பொறுப்பாக இருக்கும் லிவியா அண்மையில் தொலைபேசி எடுத்து, "சிவா, நீ பார்த்த ஜப்பான் குழுக்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தா, நடைபாதைச் சுவரில் மாட்டப் போகிறோம்" என்று கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். எந்தக் குழு வந்தது, எத்தனை ஸ்பீக்கர் அடுக்கினோம், யார் மேடையில் நெருப்புக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த ஜெர்மன் பக்கத்தில் இருக்கிறது. மிச்சத்தை ஜெர்மனில் எழுத எனக்கு வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுவிசில், சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லுக்கு மேலே, சீல் ஆற்றங்கரையில், ஒரு பழைய நெசவாலை இருக்கிறது. தறிகளை எடுத்துவிட்டு அதை இசை மண்டபம் ஆக்கினார்கள். என் வேலைக் காலத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது. முருகன் கோயிலில் சந்திக்கும் ஓர் அண்ணை என் வேலையைப் பற்றி விசாரித்தபோது, ஜப்பான் ஹெவி மெட்டல் குழுக்களுக்கு மேடை போடுகிறேன் என்றேன்.

"அப்ப இரும்பு தூக்கிற வேலையோ? முதுகு கவனம் தம்பி" என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். பெரிய பிழையும் இல்லை.

அந்த இசையின் வரலாற்றை ஒழுங்காகச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பெயர்களைச் சொன்னால் ரசிகர்கள் வரிசை பிழை என்று சண்டைக்கு வருவார்கள். நான் பார்த்ததெல்லாம் மேடையின் பின்பக்கத்திலிருந்து. எழுபதுகளில் கனத்த ப்ளூஸ் வாசித்த சில குழுக்கள் ஜப்பானில் இருந்தனவாம். அவர்களுடைய இசைத்தட்டுகளை இங்குள்ள கிழட்டு ரசிகர்கள் நகையைப் போல வைத்திருக்கிறார்கள். எண்பதுகள் தொடங்கும்போது ஒசாக்காப் பக்கத்திலிருந்து தோல் உடுப்புக்காரர் புறப்பட்டார்கள். ஐரோப்பாவுக்குப் பாட வேண்டும் என்றால் ஆங்கிலத்தில் பாட வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்கள். கண்ணாடி உடைகிற உச்சத்தில் குரல், அளந்து வெட்டியதுபோல கிடார். அவர்களுக்குப் பின்னால் தலைமுடியைக் கோபுரமாக எழுப்பி, முகத்துக்குப் பூச்சுப் பூசியவர்கள் வந்தார்கள். அந்தக் காலத்தில் உடைமாற்றும் அறைக்குள் போனால் முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயில் மூச்சு முட்டும். முதலில் பியானோவில் அழவைப்பார்கள், கண்ணைத் துடைக்கும் முன்பே இரட்டை மிதியில் டிரம்ஸ் இடிக்கும். தங்கள் ஊரில் பெரிய பெரிய அரங்குகளை நிரப்பிய ஆட்கள் இங்கே வந்து எங்கள் நெசவாலையில் முந்நூறு பேருக்கு முன்னால் அதே அளவு வியர்வை சிந்தினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

தொண்ணூறுகள் போகப்போக அந்தச் சத்தத்துக்கு அங்கேயே மவுசு குறைந்தது. பல குழுக்கள் உடைந்தன. பிறகு இணையம் வந்தது. பெண்களே முழுக் குழுவாக வந்தார்கள், பணிப்பெண் உடுப்போடு சிலர், வாசிப்பில் ஆண்களைத் தூக்கிச் சாப்பிட்டார்கள். ஆடிப் பாடும் சிறு பெண்களுக்குப் பின்னால் இடி இடிப்பதும் ஒரு வகையாக வந்து, இன்று லிவியாவின் மண்டபத்தில் நுழைவுச்சீட்டுக் கிடைப்பதில்லை. இளசுகள் என்னிடம் வந்து, "சிவா, நீ அந்த ஆரம்பத்தையே பார்த்தவனா?" என்று கண்ணை விரிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரே ஒரு குழு. அவர்களை இங்கே தெட்சுபானா என்று அழைக்கிறேன். இரும்புப்பூ என்று பொருள். உண்மைப் பெயர் வேறு.

நான் வேலை பழகிய கதை சின்னது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு எங்கடின் மலைப்பக்கத்தில் ஒரு ஹோட்டலில் இரண்டு பனிக்காலம் கோப்பை கழுவினேன். பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம் மண்டபத்துச் சமையலறைக்கு வந்தேன். மேடைப் பொறுப்பாளர் ஸ்டால்டர் ஒருநாள் சமையலறைத் தண்ணீர்க் குழாயை நான் சுருட்டி வைத்திருந்த விதத்தைப் பார்த்தார். முறுக்கில்லாமல் இருந்தது. மறுநாள் கேபிள் சுருட்டக் கூப்பிட்டார். அவ்வளவுதான் என் நேர்முகத் தேர்வு.

ஸ்டால்டர் நெட்டையான, ஒல்லியான மனிதர். மேடையில் ஓடமாட்டார், கத்தமாட்டார். வேலை முடிந்ததா என்றும் கேட்கமாட்டார். வந்து சப்பாத்து நுனியால் மேடைப் பலகையின் ஒவ்வொரு காலையும் தட்டிப் பார்ப்பார். ஆடினால் ஒரே சொல்: "நொமால்." திரும்பச் செய் என்று அர்த்தம். ஆடாவிட்டாலும் சில நாள் "நொமால்" விழும். ஏன் என்று கேட்டால் கோப்பியைக் குடித்துக்கொண்டே கூரையைப் பார்ப்பார். முதல் வருடம் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் "சனியன்" என்று திட்டினேன். ஒருநாள் அது அவர் காதில் விழுந்துவிட்டது. என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது, "நன்றி என்று அர்த்தம்." அன்றிலிருந்து நான் கோப்பி கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் முகம் மலர்ந்து, "சனியன், சிவா" என்பார். கடைசிவரை அதை நான் திருத்தவில்லை. சங்கடம் வரும் இடத்தில் சின்னப் பொய் சொல்லி நழுவுவது எனக்கு அப்போதே பழக்கமாக இருந்தது.

தெட்சுபானா முதல்முறை வந்தபோது வெள்ளி, சனி இரண்டு நாள் நிகழ்ச்சி. சோறுதான் வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தார்கள். சோறு என்றால் சிவா என்று என்னைச் சமையலறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர்களுக்கென்று வாங்கி வைத்த குண்டு அரிசியை நான் எங்கள் முறைப்படி நிறையத் தண்ணீரில் அவித்து, கஞ்சி வடித்து, பருக்கை பருக்கையாக உதிர்த்து வைத்தேன். எனக்கு அது பெருமையான சோறு. பாவம், அவர்கள் குச்சியால் ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினார்கள். ஒருவர் மட்டும் தட்டு காலியாகும்வரை பொறுக்கித் தின்றுவிட்டு, சமையலறை வாசலில் வந்து குனிந்து வணங்கினார். அவர்தான் மொரிதா. அந்தக் குழுவின் டிரம்ஸைப் பூட்டிக் கழற்றிப் பராமரிப்பவர். என் வயதுதான் இருக்கும்.

அன்று மத்தியானம் ஸ்டால்டர் என்னை அவருக்கு உதவிக்கு விட்டார். நான் சப்பாத்தோடு டிரம்ஸ் கம்பளத்தில் கால் வைக்கப் போனேன். மொரிதா கையைக் காற்றில் மெல்லத் தட்டி நிறுத்தினார். தன்னுடைய சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துக் காட்டினார். நானும் கழற்றினேன். கோயிலுக்குள் போவது மாதிரித்தான் அந்தக் கறுப்புக் கம்பளத்தில் ஏறினோம்.

அதில் நிறநிறமாக டேப் துண்டுகள் ஒட்டியிருந்தன. பெரிய டிரம்முக்கு வெள்ளை, சிம்பல் ஸ்டாண்டுகளுக்கு மஞ்சள், இருக்கைக்குச் சிவப்பு, ஸ்னேர் என்ற முன் டிரம்முக்கு நீலம். ஒரு ஸ்டாண்டுக்கு மூன்று கால் என்றால் மூன்று காலுக்கும் தனித்தனி அடையாளம். இங்குள்ள குழுக்களும் டேப் ஒட்டும், ஆனால் ஏறத்தாழ ஒட்டும். மொரிதா முழங்காலில் நின்று ஒரு சின்ன உருக்கு அடிமட்டத்தால் அளப்பார். முதலில் பெரிய டிரம், பிறகு இருக்கை, பிறகு அந்த இருக்கையில் இருந்து கை நீளும் தூரத்துக்கு மற்றவை. வாசிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவராம். ஒரு சிம்பல் இரண்டு விரற்கடை தள்ளிப்போனால் மூன்றாவது பாட்டில் அவருடைய தோள் சொல்லிவிடுமாம். இதையெல்லாம் மொரிதா பத்துப் பன்னிரண்டு ஆங்கிலச் சொல்லில் எனக்குச் சொல்லி முடித்தார். என்னிடமும் அவ்வளவு ஆங்கிலம்தான் இருந்தது.

பூட்டி முடித்ததும் உடனே படம் வரும் கமராவால் நான்கு பக்கமும் படம் எடுத்தார். எங்காவது தவறினால் ஒத்துப் பார்ப்பதற்காம். கடைசியில் என்னை ஸ்னேருக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்து, காற்றில் ஆட்டிக் காயவைத்து, என் கையில் தந்தார். சத்தச் சோதனைக்காகக் காதில் செம்மஞ்சள் நிறப் பஞ்சு வைத்திருந்தேன். வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நின்றேன். சுவிசுக்கு வந்தபிறகு நான் அப்படிச் சிரித்த படம் வேறு ஒன்றும் கிடையாது.

சனிக்கிழமை காலை அதே மண்டபம் ஊர்ப் பித்தளை வாத்தியக்காரருக்குப் பல மாதம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. உலகம் சுற்றும் குழுவென்றாலும் கிராமத்து வாத்தியக்காரரை எழுப்ப முடியாது, அது இந்த நாட்டு வழக்கம். எல்லாவற்றையும் கழற்றி வெளியே கொண்டுபோனோம், அவர்கள் ஊதி முடிந்ததும் திரும்ப ஏற்றினோம். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. சாய்பலகையில் ஒரு டிரம்ஸ் பெட்டி வழுக்கியது. மொரிதா கையைக் கொடுத்துத் தடுத்தார். பெட்டி நின்றுவிட்டது, அவருடைய வலது கையின் இரண்டு விரல் முறிந்தது. முகம் வெள்ளையாகிவிட்டது, ஆனாலும் முதலில் பெட்டியைத்தான் திறந்து பார்க்கச் சொன்னார்.

வைத்தியசாலையிலிருந்து கட்டோடு திரும்பி வந்து, மேடை ஓரத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். என்னைப் பார்த்துக் கம்பளத்தைக் காட்டினார். நான் சப்பாத்தைக் கழற்றினேன்.

அன்று பூட்டியது போல என் வாழ்க்கையில் வேறொன்றையும் பூட்டியதில்லை. ஒவ்வொரு காலையும் அதன் டேப்புக்குள் வைத்துவிட்டு அவரைப் பார்ப்பேன். கண்ணால் சரி என்பார், அல்லது தாடையை அரை விரல் அசைப்பார். நான் நகர்த்துவேன். ஸ்டால்டர் பின்னால் வந்து நின்றார். இப்போது "நொமால்" வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நிகழ்ச்சி முழுவதும் டிரம்ஸுக்கு இடது பின்பக்கமாகக் குந்தியிருந்தேன். ஐந்தாவது பாட்டின் நடுவில் ஸ்னேரின் தோல் கிழிந்தது. சத்தம் தட்டையாகிப் போனதைக் காதிலிருந்த பஞ்சையும் தாண்டிக் கேட்டேன். வாசிப்பவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு மிதியையும் பக்கத்து டிரம்மையும் வைத்துப் பாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டின் பிடியைத் தளர்த்தி, கிழிந்ததைத் தூக்கி, பக்கத்தில் தயாராக இருந்த மற்ற ஸ்னேரை வைத்து, இறுக்கி, உள்ளங்கையால் ஒருமுறை அமர்த்திவிட்டுத் தலையை இழுத்தேன். அவருடைய குச்சி அடுத்த அடிக்கே அதில் விழுந்தது. நான் ஓடவில்லை. முடிவில் ஸ்டால்டர் என் தோளில் கை வைத்து, "சனியன், சிவா" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு காலை முற்றத்தில் பேருந்து புறப்படத் தயாராக நின்றது. மொரிதா கழுத்தில் தொங்கிய கையோடு என்னிடம் வந்தார். தன் சொற்களையெல்லாம் முன்பே அடுக்கி வைத்திருந்தார்.

"சிவா-சான். மிலான். லியோன். பாரிஸ். கொலோன். நீ வா. டிரம்ஸ்காரர் கேட்கிறார். படுக்கை இருக்கிறது. சம்பளம் இருக்கிறது. என் கை இல்லை, உன் கை இருக்கிறது."

பேருந்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரோ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். போய் ஏறினால் போதும். என் சட்டைப் பையில் எஃப் அவுஸ்வைஸ் இருந்தது. அந்த அட்டை வைத்திருப்பவன் தற்காலிகமாக இந்த நாட்டில் இருக்கலாம், வெளியே போக முடியாது. கியாசோவில், இத்தாலி எல்லையில், பேருந்தை மறித்து அட்டைகளைக் கேட்டால், ஜப்பான்காரர் எல்லோரும் உள்ளே இருக்க என்னை மட்டும் இறக்குவார்கள். அதை மொரிதாவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் இந்த மண்டபத்துக்கு வெளியே நான் ஓர் இலக்கம், ஒரு கோப்பு. அந்தக் கம்பளத்தில் மட்டும் மரியாதையோடு கூப்பிடும் சிவா-சானாக இருந்தேன். அவர் முன்னால் அந்த அட்டையை எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"என் மகளுக்கு இந்தப் புதன்கிழமை சடங்கு. பெரிய விழா. தகப்பன் நிற்க வேண்டும்" என்றேன்.

சடங்கு உண்மை. கொழும்பில், வெள்ளவத்தையில், ஒரு லொட்ஜின் மேல்மாடியில், என் மகள் வாசுகி பெரியபிள்ளையானதற்குப் புதன்கிழமை சாமத்தியவீடு. மனைவி புவனாவும் மகளும் எப்போது என்னிடம் வரலாம் என்று தெரியாமல் அங்கே இருந்தார்கள். நான் அங்கே நிற்கப் போகிறேன் என்பதுதான் பொய். மிலானுக்கு விடாத அதே அட்டைதான் கொழும்புக்கும் விடவில்லை.

மொரிதாவின் முகம் ஒரு கணம் விழுந்தது. உடனே நிமிர்ந்து, இடுப்பு மடிய வணங்கினார்.

"தகப்பன் கட்டாயம் நிற்க வேண்டும்" என்றார். "அடுத்த முறை படம் காட்டு."

பிறகு பேருந்துக்குள் போய் ஒரு துவாயைக் கொண்டுவந்து தந்தார். மகளுக்குப் பரிசாம். குழுவின் பெயர் வெள்ளையில் எழுதிய கன்னங்கரிய துவாய். சாமத்தியப்பட்ட பிள்ளைக்குக் கறுப்புத் துணி கொடுக்கும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பேருந்து திரும்பிப் போகும்வரை முற்றத்தில் நின்றேன்.

புதன்கிழமை கோயிலில் வாசுகியின் நட்சத்திரத்துக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டு, தபால் கந்தோர்ப் பக்கத்துத் தொலைபேசியில் கொழும்புக்கு எடுத்தேன். ஒரே சனத்தின் சத்தம். பிள்ளையைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"அப்பா, சீலை சரியான பாரமாக் கிடக்கு" என்றாள்.

"கொஞ்ச நேரந்தானே குஞ்சு."

"நீங்கள் எப்ப வாறியள்?"

"வாறன்" என்றேன். தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிட்டது.

அந்த வாரம் எழுதிய கடிதத்தோடு மொரிதா எடுத்த படத்தையும் வைத்து அனுப்பினேன். நான் நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி என்னிடம் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் புவனாவிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. பெரிதாக்கிய சாமத்தியவீட்டுப் படம். நடுவில் சீலையும் பூச்சடையுமாக வாசுகி. ஒரு பக்கம் புவனா. மறுபக்கம் பட்டு வேட்டி, சால்வையோடு நான்.

புவனா எழுதியிருந்தாள்: "தேப்பன் எங்கை எண்டு வந்த சனமெல்லாம் கேட்டுது. பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிண்டவள். அதாலை நீங்கள் அனுப்பின படத்திலை தலையை வெட்டி ஸ்டூடியோக்காரரைக் கொண்டு ஒட்டுவிச்சனான். நல்லா வந்திருக்குத்தானே?"

நன்றாகத்தான் வந்திருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் சனத்தில் பாதிப்பேர் கலியாணத்திலும் சாமத்தியவீட்டிலும் இப்படித்தான் நின்றோம். ஸ்டூடியோக்காரர் என் கழுத்தை வேறு யாருடைய தோளிலோ அளவாக இணைத்திருந்தார். விபூதிகூட வரைந்திருந்தார். ஆனால் காதில் இருந்த செம்மஞ்சள் பஞ்சை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். அதை அப்படியே விட்டிருந்தார். மகளின் சடங்கில் தகப்பன் காதை அடைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நிற்கிறான். நான் முதலில் சிரித்தேன். பிறகு படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு வருடம் கழித்துத் தெட்சுபானா திரும்ப வந்தது. மொரிதாவின் விரல்கள் தேறியிருந்தன, ஒன்று மட்டும் முழுதாக மடியவில்லை. முதல் வேலையாக, "படம்?" என்று கேட்டார். கொண்டு வராமல் இருந்திருக்கலாம். ஆனால் தகப்பன் நின்றான் என்பதற்கு வேறு ஆதாரம் என்னிடம் இல்லை. எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு சிம்பலின் கால் அரை விரல் தள்ளியிருப்பதைப் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். படத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். அவர் கண் என் காதில் நின்றதைக் கண்டேன். தான் எடுத்த படம் அவருக்குத் தெரியாதா? நான் நிலத்தைப் பார்த்தேன். அவர், "அழகான மகள்" என்று சொல்லி, வணங்கி, படத்தைத் திருப்பித் தந்தார். சற்றுத் தள்ளிப் போய் ஸ்டால்டரோடு ஏதோ கதைத்துவிட்டு, ஒரு காட்போட் அட்டையோடு வந்தார். சப்பாத்தைக் கழற்றி அதன்மேல் ஏறச் சொன்னார். என் இரண்டு பாதத்தையும் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு, அட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். சப்பாத்து வாங்கி அனுப்பப் போகிறார் என்று நினைத்தேன். எவ்வளவோ காலம் தபால்காரரைப் பார்த்தேன். சப்பாத்து வரவில்லை.

மிலானுக்கு வா என்று அவர் மறுபடி கேட்கவும் இல்லை. அந்தச் சுற்றோடு குழு உடைந்தது. பிறகு தை மாதம் தோறும் ஒசாக்காவிலிருந்து ஒரு புதுவருட அட்டை வரும். அந்தந்த வருடத்து மிருகத்தின் படம், கீழே "குடும்பம் நலமா?" நானும் நலம் என்று ஒரு மலைப்படம் அனுப்புவேன். உண்மையை எழுதலாம் என்று எத்தனை தரம் பேனாவை எடுத்தேன். வேலைக்குக் கூப்பிட்டால் பொய் சொல்லி நழுவி, ஒட்டுப் படத்தைக் காட்டி ஏமாற்றப் பார்த்தவன் என்று அவர் என்னை நினைக்கிறாரோ என்பதுதான் எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பிறகு எல்லாம் வந்தது. நல்ல அவுஸ்வைஸ் வந்தது, புவனாவும் வாசுகியும் வந்தார்கள், கடைசியில் சிவப்பு நிறக் கடவுச்சீட்டும் வந்தது. சூரிச் விமான நிலையத்தில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்து, "வாங்கோ அப்பா" என்று விருந்தாளிக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவள் ஒருநாள் அந்தச் சாமத்தியவீட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதிலை நிக்கிற அப்பா நல்லாச் சிரிக்கிறார். நீங்கள் ஏன் அப்பிடிச் சிரிக்கிறேல்லை?" என்று கேட்டாள். அந்தச் சிரிப்பு எந்தக் கம்பளத்தில் நின்று சிரித்தது என்று நான் சொல்லவில்லை. மகளுக்காகச் சிரிக்காத சிரிப்பு என்று அவள் நினைத்துவிடுவாளே என்று பயம்.

கடவுச்சீட்டு வந்த வருடம் மிலானுக்கும் போனோம். புவனா கடை பார்க்க, நான் அவர்கள் வாசித்த மண்டபத்தைத் தேடிப் போனேன். தளபாடக் கடையாகியிருந்தது. உள்ளே போய் ஒரு கதிரையில் இருந்துவிட்டு வந்தேன். எல்லை தாண்டும்போது எங்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் தெட்சுபானா கடைசிச் சுற்று என்று அறிவித்தது. இடையில் மறுபடி ஒன்றுசேர்ந்த பிறகு பெரிய அரங்குகளில் மட்டும் வாசித்தவர்கள், இதற்கு எங்கள் பழைய நெசவாலையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். லிவியா என்னை விருந்தினனாகக் கூப்பிட்டாள். ஃப்ரிபூர்க்கில் ஆய்வுகூடமொன்றில் வேலை செய்யும் வாசுகியும், "நானும் வாறன் அப்பா, ஒருக்காவது பாப்பம்" என்று ரயில் ஏறி வந்தாள். கறுப்புத் துவாய் என் தோளில் கிடந்தது. அவளுக்குக் கொடுக்க நினைத்து, கறுப்பு என்று அலுமாரியிலேயே விட்டது.

மத்தியானம் மேடைக்குப் போனோம். மொரிதா இல்லை. அவருடைய இடத்தில் அயா என்று ஓர் இளம்பெண் முழங்காலில் நின்று கம்பளத்தை நீவிக்கொண்டிருந்தாள். மொரிதா பயணங்களை நிறுத்திவிட்டார், ஒசாக்காவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், ஒரு காது கேட்காது என்றாள். எனக்கும் ஒரு காது மந்தம்தான். கம்பளம் புதிது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் அதே ஒழுங்கில் இருந்தன. ஸ்னேரின் இடது பின்பக்கம் ஒன்று புதிதாக இருந்தது. செம்மஞ்சள் டேப்பால் வெட்டி ஒட்டிய இரண்டு பாதம்.

"இது எதன் இடம்?" என்று கேட்டேன்.

"அது சிவா-சானுடைய இடம்" என்றாள் அயா, தலையை நிமிர்த்தாமல்.

"யார் அது?"

"எங்களுக்குத் தெரியாது. நாங்கள் யாரும் பார்த்ததில்லை. வர விரும்பினவர், அவருடைய அட்டை விடவில்லை என்று மொரிதா-சான் சொன்னார். கம்பளம் மாறும்போதெல்லாம் முதலில் இந்த அடையாளத்தைத்தான் வைக்க வேண்டும், அளவுக்கு ஒரு காட்போட் இருக்கிறது. இந்த இடத்தில் எந்தச் சாமானும் வைக்கக் கூடாது. எந்த ஊர் என்றாலும் அப்படித்தான்."

பெட்டியின் மூடிக்குள் அந்தக் காட்போட் அட்டை டேப்பால் ஒட்டப்பட்டிருந்தது. என் பாதங்கள். இடது சுண்டுவிரல் கொஞ்சம் வெளியே தள்ளும், கோட்டிலும் தள்ளியிருந்தது.

வாசுகி என் கையைப் பிடித்து, "என்னப்பா? என்ன நடந்தது?" என்று கேட்டாள். அவளை மேடை விளிம்பில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். பேருந்தை, புதன்கிழமையை, பொய்யை, அந்தச் சிரிப்பு எங்கே சிரித்தது என்பதை. படம் பார்த்த அன்று ஸ்டால்டர்தான் என் அட்டையைப் பற்றி மொரிதாவிடம் சொல்லியிருக்க வேண்டும். புவனா என்னை வெட்டிச் சாமத்தியவீட்டில் ஒட்டினாள். மொரிதா என்னை ஒட்டி மிலானுக்கும் லியோனுக்கும் இத்தனை வருடமாகக் கொண்டு திரிந்திருக்கிறார். நான் இங்கே மேடை கூட்டிக்கொண்டு, அவர் என்ன நினைத்தாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வாசுகி என் தோளில் கிடந்த கறுப்புத் துவாயை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது எனக்குத் தந்ததுதானே" என்றாள். "எழும்புங்கோ அப்பா. போய் உங்கடை இடத்திலை நில்லுங்கோ."

நான்தான் சிவா என்று அயாவிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு எழுந்து, விலகி, வழி விட்டாள். சப்பாத்தைக் கழற்றினேன். செம்மஞ்சள் கோட்டுக்குள் இரண்டு காலையும் வைத்தேன். சரியாக இருந்தது. கிடார்க்காரர் சோதனைக்காக ஒருமுறை தட்ட, கூரை அதிர்ந்தது. நான் பழக்கத்தில் பையிலிருந்த பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். வாசுகி கைபேசியைத் தூக்கினாள்.

"காதுக்கை பஞ்சு கிடக்கு, எடுக்கட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அப்பா, கிடக்கட்டும். அப்பதான் அவருக்கு நீங்கள் எண்டு தெரியும்."

வாயெல்லாம் பல்லாக நின்றேன். மறுவாரம் அந்தப் படத்தை அச்சடித்து எடுத்து, ஒசாக்கா முகவரி எழுதி, பின்பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: மொரிதா-சான், வந்து சேர்ந்துவிட்டேன்.